கூஃபிக்கு சீட் கிடைத்த கதை

மகனைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வீட்டோடு இருக்காத ஓர் அப்பாவைப் பற்றி வால்ட் டிஸ்னி நிறுவனம் கார்ட்டூன் படம் எடுத்திருக்கிறது. ‘ஆன் எக்ஸ்ட்ரீம்லி கூஃபி மூவி’ என்று பெயர். 1995-ல் தியேட்டருக்கு வந்த ‘எ கூஃபி மூவி’யின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் அப்பா கூஃபி, வரமாட்டேன் என்ற மகன் மேக்ஸை இழுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போவார். இரண்டாம் பாகத்தில் மகன் கல்லூரிக்குப் போகிறான். அப்பாவும் அதே கல்லூரியில் அட்மிஷன் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். இந்தப் படத்தைத் தியேட்டர் பக்கமே அனுப்பாமல், வீட்டில் போட்டுப் பார்க்கும் வீடியோவாக 2000-ம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வெளியிட்டார்கள். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் தேதி. ஆண்டு விழாச் செலவு மிச்சம் என்று யாராவது கணக்குப் போட்டிருக்கலாம்.

நான் இதை முதலில் பார்த்தது 2001-ல், சென்னைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில். அமெரிக்கக் குடும்பங்களுக்கு டிஸ்னி விற்ற படம், எங்களுக்கு பர்மா பஜார் வழியாக விசிடியாக வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு டிஸ்க், மேலே மங்கலான கலர் ஜெராக்ஸ். எங்கள் மாடியில் நாமக்கல்காரன் ஒருவன்தான் சொந்தமாக கம்ப்யூட்டர் வைத்திருந்தான். படிப்புக்கு என்று சொல்லி வாங்கியது. படிப்பு சம்பந்தமாக அதில் நடந்த ஒரே காரியம், ஒரு சி புரோகிராம் ஓடாமல் நின்றதுதான். கட்டில், மேசை, ஜன்னல் திண்டு என்று ஒரு முதலாமாண்டுக்காரன் எங்கெல்லாம் தொற்றிக்கொள்ள முடியுமோ அங்கெல்லாம் தொற்றிக்கொண்டு பார்த்தோம். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. கூஃபியின் சிரிப்புக்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

ஹாஸ்டலில் சினிமா பார்ப்பது என்றால் பார்ப்பது மட்டுமல்ல. பார்க்கும்போதே தீர்ப்பும் சொல்ல வேண்டும். எழுபதுகளில் பாதியில் விட்ட படிப்பை முடிக்க வேண்டும் என்று அதே எழுபதுகளின் உடுப்போடும் சிகையோடும் கூஃபி கல்லூரி வாசலில் வந்து இறங்குகிற காட்சி. மேக்ஸின் முகம் போகிற போக்கைப் பார்த்து அறையே அலறியது. தூத்துக்குடிக்காரன் எழுந்து நின்று அறிவித்தான்: “எங்கப்பா மட்டும் இப்படி வந்து நின்னாருன்னா அன்னைக்கே டிசி வாங்கிட்டுக் கப்பலேறிருவேன்.” அதன்பிறகு படம் ஒரு பக்கம் ஓட, ஒவ்வொருவனும் தன் அப்பாவைத் தன் வகுப்பில் உட்காரவைத்துப் பார்க்க ஆரம்பித்தான். லாரி ஷெட் வைத்திருந்தவரின் மகன், தன் அப்பா முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் புரொபசரை ஸ்டெப்னி மாற்ற அனுப்பிவிடுவார் என்றான். தமிழாசிரியரின் மகன், தன் அப்பா வருகைப் பதிவேட்டில் உள்ள சந்திப்பிழைகளைத் திருத்துவார் என்றான். என் அப்பா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் கணக்கர். அவர் வந்தால் மெஸ் பில்லைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்ப்பார் என்றேன். அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

தீர்ப்பு ஒருமனதாக இருந்தது: மேக்ஸ் பாவம், கூஃபி தொல்லை. மகன் ஸ்கேட்போர்டு போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்று நண்பர்களோடு வந்திருக்கிறான். அப்பாவோ வகுப்பிலும் பக்கத்தில், சாப்பிடும்போதும் பக்கத்தில். கடைசியில் எதிரணியோடு சேர்ந்து போட்டியில் மகனையே தோற்கடித்தும்விடுகிறார். மேக்ஸ் வெடிக்கிறான், என்னை விட்டுத் தொலை என்கிறான். அங்கே எங்கள் அறையில் கைதட்டல். இரண்டாவது டிஸ்க் அதற்குச் சற்றுப் பிறகு கீறல் விழுந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. சட்டையால் துடைத்தோம், ஊதினோம், தலைகீழாகக்கூடப் போட்டுப் பார்த்தோம். முடிவை ஏற்கெனவே பார்த்திருப்பதாகச் சொன்ன சேலத்துக்காரனைக் கேட்டோம். “பரீட்சையில ஃபெயிலாயி அப்பா வீட்டுக்குப் போயிருவாரு. அவ்வளவுதான் படம்” என்றான். நல்ல முடிவு என்று கலைந்து போனோம்.

அவன் சொன்னது பொய்யில்லை. கூஃபி பரீட்சையில் ஃபெயிலாகி மனம் உடைந்து வீட்டுக்குத்தான் போகிறார். ஆனால் அது முடிவில்லை. இறுதிப் போட்டியில் அணியில் ஆள் குறையும்போது மகனே கூப்பிட்டு, அப்பா திரும்பி வந்து, இருவரும் சேர்ந்து ஜெயித்து, கூஃபி பட்டமும் வாங்குகிற கடைசிப் பகுதி எங்கள் மாடியில் ஒருவனுக்கும் தெரியாது. மேக்ஸ் தான் வென்ற கோப்பையை அப்பாவுக்கே கொடுப்பதும் தெரியாது. அப்பாக்களைப் பற்றிய எங்கள் உலகப் பார்வை ஒரு கீறலில் நின்றது.

இவ்வளவு சிரிப்பு ஏன் வந்தது என்றால், எங்கள் அப்பாக்கள் யாரும் அங்கே இல்லை. இருந்ததெல்லாம் கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங் நடந்த ஒரு பகலோடு சரி. அன்றைக்கு அவர்கள் முழுமையாக இருந்தார்கள். பிளஸ் டூ மதிப்பெண் 200-க்கும் நுழைவுத் தேர்வு 100-க்கும் சேர்த்து மொத்தம் 300-க்குக் கட்-ஆஃப் பார்த்த காலம். சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் ஃபைலை என் அப்பா அன்று முழுக்கக் கக்கத்தைவிட்டு இறக்கவில்லை. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் எண்கள் குறைந்துகொண்டே வரும். அவர் மில் கணக்கில் தவறிப்போன ஐம்பது பைசாவைத் தேடும் முகத்தோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனதும் இசிஇ இல்லை என்று தெரிந்தது. “மெக்கானிக்கல் போடு” என்றார். நான் என்ன ஆசைப்படுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் அப்படி ஒன்று இருக்கலாம் என்று தோன்றவில்லை. ஹாஸ்டலில் பெட்டியை இறக்கி வைத்தார், தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்தார், மூடினார், பஸ் ஏறினார். கூஃபி இரண்டு படமாகச் செய்ததை என் அப்பா குழாய் திறந்து மூடும் நேரத்தில் முடித்துவிட்டார்.

அதன்பிறகு அவர் மாதத்துக்கு ஒருமுறை மணி ஆர்டராக வந்தார். அந்தப் படிவத்தின் அடியில் செய்தி எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். பெறுபவர் கிழித்து வைத்துக்கொள்ளலாம். அப்பா அந்த இடத்தை மில் லெட்ஜரில் எழுதுகிற அதே சிக்கனத்தில் பயன்படுத்துவார்: ‘நலம். மெஸ் 900. கைச்செலவு 200. மழை இல்லை.’ அறிவுரை, பாசம், கோபம் எதற்கும் அதில் இடமில்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்துக்குப் போனால் எடுப்பது அவர், பேசுவது அம்மா. மீட்டர் சிவப்பு எண்ணில் ஓடிக்கொண்டிருக்கும்போது “வேற ஒண்ணும் இல்லையே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும். அதுதான் அப்பா.

கல்லூரி எங்களைக் கண்காணிக்காமல் இல்லை. மாதத் தேர்வு மதிப்பெண்ணைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பியது. அதற்கு ஆளுக்கொரு வழி வைத்திருந்தோம். ஒருவன் வீட்டு முகவரியில் கதவு எண்ணை மாற்றிக் கொடுத்திருந்தான். நான் என் தங்கையை நியமித்திருந்தேன். தபால்காரர் வரும் நேரத்தில் அவள் வாசலில் கோலம் திருத்திக்கொண்டிருப்பாள். விடுமுறைக்குப் போகும்போது கூலியாக ஜெல் பேனா. வகுப்பில் வருகைக்கு ப்ராக்ஸி கொடுக்க ஆள் இருந்தது. அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம், ஒரு தபால் நிலையம், ஒரு தங்கை. அந்தத் தூரத்தில் நின்று பார்த்தபோதுதான் கூஃபி அவ்வளவு பெரிய கோமாளியாகத் தெரிந்தார்.

படத்தின் சொந்த ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. அமெரிக்க ரசிகர்களின் முதல் புகார், ராக்ஸேன் எங்கே என்பது. முதல் பாகத்தில் மேக்ஸ் உயிரைவிட்டுக் காதலித்த பெண் அவள். அவளிடம் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான் அப்பாவின் வரைபடத்தையே மாற்றி, மீன்பிடிக்கப் போன காரை லாஸ் ஏஞ்சலீஸ் கச்சேரிக்குத் திருப்பினான். இரண்டாம் பாகத்தில் அவள் பெயர்கூட வரவில்லை. ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டாவது புகார் இன்னும் நியாயமானது: முதல் படத்தின் முடிவில் அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டுவிட்டார்கள், இரண்டாம் படம் தொடங்கும்போது அந்தப் புரிதலைக் காணோம், மறுபடி முதலிலிருந்து. இதைத் திரைக்கதையின் ஓட்டை என்கிறார்கள். வீட்டில் வளர்ந்த பையன் வைத்திருக்கும் எவரும் இதை ஓட்டை என்று சொல்லமாட்டார்கள். தீபாவளிக்கு ஏற்பட்ட புரிதல் பொங்கல் வரை தாங்கினால் அதிகம்.

மூன்றாவது கேள்வி, மேக்ஸின் அம்மா எங்கே. 1950-களின் கூஃபி குறும்படங்களில் அவருக்கு மனைவியும் ஒரு சிறுவனும் உண்டு. அந்த மனைவியின் முகத்தைப் பெரும்பாலும் காட்டவே மாட்டார்கள். 1992-ல் ‘கூஃப் ட்ரூப்’ தொலைக்காட்சித் தொடரில் மேக்ஸ் வந்தபோது அம்மாவே இல்லை. இரண்டாம் படத்தில் கூஃபிக்குக் கல்லூரி நூலகர் சில்வியாவோடு காதல் வருகிறது. எழுபதுகளின் டிஸ்கோ நடனத்தில் இருவரும் ஒட்டிக்கொள்கிறார்கள். மகனின் காதலை எடுத்து அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ராக்ஸேன் கட்சிக்காரர்களுக்கு இதிலும் ஒரு வயிற்றெரிச்சல்.

இந்தக் குறைகளெல்லாம் அந்தக் காலத்து வீடியோ வியாபாரத்தோடு பிறந்தவை. 1994-ல் ‘த ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்’ கேசட்டில் நன்றாக விற்றதும், தன் படங்களுக்கெல்லாம் வீட்டு வீடியோவில் அடுத்த பாகம் எடுக்கத் தொடங்கியது டிஸ்னி. கதை வேண்டுமென்றால் கதாநாயகனுக்கு ஒரு பிள்ளையைக் கொடுப்பது, அல்லது தொலைந்துபோன அப்பாவைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. 1996-ல் அலாவுதீனுக்கு அப்பா கிடைத்தார். 1998-ல் சிங்கராஜாவுக்கு மகள். 2001-ல் ‘லேடி அண்ட் த டிராம்ப்’ ஜோடிக்கு வீட்டைவிட்டு ஓடும் மகன். 1942-ல் அம்மாவை இழந்த பாம்பிக்கு, அப்பா எப்படி வளர்த்தார் என்ற கதை 2006-ல்தான் வந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து வந்தாலும் மகனிடம் என்ன பேசுவது என்று அந்த அப்பாவுக்குத் தெரியவில்லை; அதுதான் படம். கேசட்டுக்குக் காசு கொடுப்பவர்கள் பெற்றோர்கள் என்பதை டிஸ்னி மறந்ததே இல்லை. இந்த வரிசையில் கூஃபியின் படம் தேறியது என்றே சொல்ல வேண்டும். வீட்டு வீடியோவுக்கான ஆனி விருதும் வாங்கியது.

முதல் பாகத்தின் ஜாதகமும் விசித்திரமானது. ‘லயன் கிங்’குக்கும் ‘போகஹான்டஸ்’ஸுக்கும் நடுவில் வந்து பெரிய வசூல் பார்க்காமல் போன படம். இருபது வருஷம் கழித்து, அதைக் கேசட்டில் தேயத் தேயப் பார்த்த பிள்ளைகள் பெரியவர்களானதும், 2015-ல் டிஸ்னி தன் ரசிகர் விழாவில் அதற்கென்றே கூட்டம் போட்டது. 2022-ல் ‘அட்லான்டா’ தொடர், அதைக் கறுப்பின அமெரிக்கர்களின் மகத்தான படமாக வைத்து ஒரு முழு எபிசோடைப் போலி ஆவணப்படமாகவே எடுத்தது. பார்த்தவர்கள் வயதானதில் படம் நன்றாகிவிட்டது.

எங்கள் ஹாஸ்டல் கூட்டத்துக்கும் வயதானது. கூஃபி முதலில் எங்களுக்குள்தான் ஒருவனைப் பிடித்தார். 2021-ல் அண்ணா பல்கலைக்கழகம், 2001-02 கல்வியாண்டில் சேர்ந்தவர்கள் வரை பழைய அரியர்களை எழுத ஒரு சிறப்பு வாய்ப்பு கொடுத்தது. வழக்கமான கட்டணத்தோடு கூடுதலாக 5,000 ரூபாய். அப்பா வந்தால் கப்பலேறுவேன் என்றானே தூத்துக்குடிக்காரன், அவனுக்கு எம்-3 என்ற கணிதத் தாள் இருபது வருஷமாகப் பாக்கி. நரைத்த மீசையோடு ஃபூரியர் தொடரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்து அறையில் மகள் பள்ளிப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். சூத்திரங்களை அவள்தான் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஐம்பது எடுத்துத் தேறிவிட்டான். “ஐம்பதுதானாப்பா?” என்று கேட்டாளாம். அவன் அதை எங்கள் குழுவில் போட்டபோது யாருக்கும் கூஃபி ஞாபகம் வரவில்லை. எல்லோரும் பூங்கொத்துப் படம் அனுப்பினோம்.

இப்போது என் மகன் முதலாமாண்டு. அவனுக்கு கவுன்சலிங் வீட்டுக் கூடத்தில், மடிக்கணினியில் நடந்தது, 2018-லிருந்து ஆன்லைன்தான். நுழைவுத் தேர்வு அவன் பிறப்பதற்கு முன்பே ஒழிந்துவிட்டது. பிளாஸ்டிக் ஃபைலைக் கக்கத்தில் வைக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. என்ன படிக்க ஆசை என்று நான் அவனிடம் பலமுறை கேட்டேன், அவன் சலித்துப்போகும் அளவுக்கு. பிறகு நான் நினைத்ததையே போட்டோம்.

அவனை ஹாஸ்டலில் சேர்த்த அன்று கல்லூரி என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தது. காலை முதல் பீரியட் முடிந்ததும் அவன் வந்தானா இல்லையா என்று சொல்லும். இன்டர்னல் மதிப்பெண்ணை அவன் பார்ப்பதற்கு முன் நான் பார்த்துவிடுவேன். சனிக்கிழமை வெளியே போக அவன் அவுட் பாஸ் கேட்டால் ஓடிபி எனக்கு வரும். நான் சொன்னால்தான் கேட் திறக்கும். எங்கே போகிறான் என்ற கட்டத்தில் ‘பர்சனல்’ என்று போட்டிருந்தால் போன் போட்டுக் கேட்பேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழு தனி. அதில் மெஸ் சாம்பாரின் புகைப்படத்தை வைத்து ஐடி கம்பெனி மேனேஜர்களும் வங்கி அதிகாரிகளும் இரவு பதினொரு மணி வரை விவாதிக்கிறார்கள். ப்ராக்ஸி கொடுக்க இன்று நண்பனின் குரல் போதாது, விரல் வேண்டும். தங்கை இருந்தும் பயனில்லை.

செமஸ்டர் விடுமுறையில் அவன் வந்திருந்தபோது இந்தப் படம் ஓடிடியில் தட்டுப்பட்டது. நான்தான் போட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். ஒரே கூடத்தில் மூன்று தலைமுறை என்று மனைவி படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இந்த முறை டிஸ்க் மாட்டவில்லை.

நான் இப்போது எந்தக் கட்சி என்பது படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. மகன் கல்லூரிக்குப் போன கவலையில் பொம்மைத் தொழிற்சாலையில் கூஃபிக்கு வேலை ஓடாது. மேக்ஸையே நினைத்துக்கொண்டு எந்திரத்தின் முன்னால் நின்று, இருப்பதையெல்லாம் குளறுபடியாக்கி, வேலை போய்விடும். வேறு வேலை வேண்டுமென்றால் பட்டம் வேண்டும் என்பார்கள். அப்படித்தான் அவர் கல்லூரிக்கு வருகிறார். ஹாஸ்டலில் இந்தக் காட்சியை நாங்கள் யாரும் கவனித்ததாகவே நினைவில்லை. இப்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அமெரிக்காவில் 1974-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி கல்லூரி மாணவனின் மதிப்பெண் விவரம் அவனுடைய உரிமை, சில விதிவிலக்குகள் தவிர அவன் சம்மதமில்லாமல் பெற்றோருக்குக்கூடக் கொடுக்க முடியாது. இதை மகனுக்கு விளக்கினேன். “அதனாலதான் பாவம், அவரே அட்மிஷன் போட்டு வரவேண்டியிருக்கு” என்றேன்.

மகன் சிரிக்கவில்லை. எங்கள் மாடி முழுக்க அலறிய காட்சியில், கூஃபி வந்து இறங்கும் காட்சியில், பாப்கார்ன் எடுத்துக்கொண்டிருந்தான்.

“இதுல என்ன காமெடிப்பா?”

“அப்பா காலேஜுக்கே வந்துட்டாருல்ல.”

“எல்லா அப்பாவுந்தான் வர்றாங்க.”

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “மேக்ஸ் லக்கி. அவங்கப்பா எப்ப வர்றாரு, எப்ப போறாருன்னு அவனுக்குத் தெரியுது. அவ்ளோ ஒசரம், அவ்ளோ பெரிய ஷூ. எட்டத்துல வர்றப்பவே ஒளிஞ்சுக்கலாம்.”

மேக்ஸ் வெடிக்கும் காட்சிக்கு நான் தயாராக இருந்தேன். அங்கே இவன் கைதட்டுவான், நான் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று. அவன் மேக்ஸுக்கும் கைதட்டவில்லை, கூஃபிக்கும் இரங்கவில்லை. கூஃபி பரீட்சையில் ஃபெயில் ஆனதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“இது ஓகே. அப்பாவும் எழுதுறாரு. மார்க் ரெண்டு பேருக்கும் வருது.” பிறகு, சாதாரணமாக: “உங்க ஃபர்ஸ்ட் செம் மார்க் எவ்ளோப்பா? நான் பார்த்ததே இல்ல.”

தங்கைக்குக் கொடுத்த ஜெல் பேனாக்கள் நல்ல முதலீடு என்று அப்போது தோன்றியது.

அப்பா அதுவரை இரண்டே கேள்வி கேட்டிருந்தார். “இது நாயா?” என்பது முதலாவது. ஆமாம் என்றேன். “அந்தப் பையனோட அம்மா எங்க?” என்பது இரண்டாவது, உலகம் முழுக்கக் கேட்கிற கேள்வி என்றேன். பக்கத்து வீட்டு பீட் திரைக்கு வரும்போதெல்லாம் மட்டும் அவர் விழித்துக்கொண்டார். மகன் பி.ஜே. கல்லூரிக்குக் கிளம்பும்போது கூஃபி உருகி நிற்க, பீட்டுக்கோ விடுதலை கிடைத்த சந்தோஷம். “இவன் சரியான ஆளு” என்றார் அப்பா.

எனக்குள் பல வருஷமாக ஒரு கதை இருந்தது. அப்பா ஆனபிறகு எல்லோரும் எழுதிக்கொள்ளும் கதைதான். அன்று குழாயை மூடிவிட்டு பஸ் ஏறிய அப்பா, ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரும்வரை கண்ணைத் துடைத்திருப்பார். அந்தக் காலத்து ஆண்களுக்குச் சொல்லத் தெரியாது, மணி ஆர்டர் அடியில் எழுதிய ‘மழை இல்லை’ என்பதே பாசம்தான், இப்படி. இரண்டு முறை தந்தையர் தினத்துக்கு ஃபேஸ்புக்கில் எழுதி நல்ல வரவேற்பும் பெற்றிருக்கிறேன். மகனும் பக்கத்தில் இருக்கிறானே, கேட்கட்டும் என்று அவரிடம் கேட்டேன்.

“என்னை ஹாஸ்டல்ல விட்டுட்டுப் போனப்ப உங்களுக்கு எப்படிப்பா இருந்துச்சு?”

அப்பா யோசித்தார். “மதுரைல எறங்கிப் பரோட்டா சாப்பிட்டேன்.”

“அதில்லப்பா. வீட்டுக்குப் போனதும்.”

“உன் ரூம்ல ஃபேன் ஆட்டம் குடுத்துட்டு இருந்துச்சு. அதைச் சரி பண்ணி நான் படுத்துக்கிட்டேன். அங்கதான் காத்து நல்லா வரும். நீ இருந்த வரைக்கும் விடியவிடிய லைட்டைப் போட்டு வச்சிருப்ப.”

“அந்த மணி ஆர்டர்ல ‘மழை இல்லை’ன்னு எழுதுவீங்களே...”

“மழை இல்லைடா அந்த வருஷம்.”

மகன் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான், கட்டிலிலும் ஜன்னல் திண்டிலும் தொற்றிக்கொண்டு நாங்கள் சிரித்த அதே சத்தத்தில். படம் முடிகிற இடத்துக்கு வந்திருந்தது. மேக்ஸ் கோப்பையை அப்பாவிடம் நீட்டுகிறான். இத்தனை காலம் நான் பார்க்காத காட்சி. மூன்று பேரில் யாரும் திரையைப் பார்க்கவில்லை.

அப்பா என் பக்கம் கையை நீட்டினார். “அந்த ஆப்பு, ஆப்புன்னு சொல்லிட்டு இருந்தியே, அதைக் காட்டு.”

திறந்து கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லெட்ஜர் பார்ப்பதைப் போலவே மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தார். போன மாதம், அதற்கு முந்தின மாதம். பீரியட் வாரியாகப் பச்சைப் புள்ளிகள். நடுவில் இரண்டு சிவப்பு.

“இந்த ரெண்டு நாள் என்ன?”

“காய்ச்சல், தாத்தா” என்றான் மகன்.

“சரி.” அவனிடம் அதற்குமேல் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “இதைத் தினமும் பாப்பியா?”

“ஆமாப்பா. ஒவ்வொரு பீரியடுக்கும் வரும்.”

“பகல்லயா?”

“பகல்லதான். ஆபீஸ்ல இருக்கும்போது.”

போனைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தபடி கேட்டார்:

“அந்த நாய்க்கு எதனால வேலை போச்சுன்னு சொன்ன?”